அண்ணாந்து பார்க்க முடியாதவருக்கு ஒரு தொலைநோக்கி

எங்கள் வீட்டில் எல்லோரும் சொம்பைத் தூக்கி, அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்போம். உதட்டில் வைத்துக் குடித்தால் நைனா திட்டுவார். நைனா என்றால் என் அப்பா. அப்படித் திட்டியவரே டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சிக் குடிக்கும்படி ஆனது, ஓர் ஆடி மாதம் கடல் செய்த வேலையால். கரையேற்றிக்கொண்டிருந்த ஃபைபர் போட்டை அலை ஒன்று குறுக்கே திருப்ப, அதன் விளிம்பு அவர் பிடரியில் இறங்கியது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தெலும்புக்குத் தகடு வைத்து ஆணி முடுக்கினார்கள். கை கால் எல்லாம் பழையபடி வந்தன. தலையைக் கொஞ்சம் பக்கத்தில் திருப்புவார், கொஞ்சம் குனிவார். மேலே தூக்குவது மட்டும் முடியாமல் போயிற்று.

அம்மா அதற்கு முன்பே போய்விட்டிருந்தார். அதனால் நைனாவை, கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு, எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். என் கணவர் கடலுக்குப் போகிறவர். நான் பழவேற்காடு கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். கல்யாணம், காதுகுத்து என்றால் கேமராவைத் தூக்கிக்கொண்டு போட்டோ எடுக்கவும் போவேன். நைனா பகலெல்லாம் வலையைப் பிரித்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு வருத்தம் இருக்குமே என்று நாங்கள் எதையாவது ஆரம்பித்தால், அவர் முந்திக்கொள்வார்.

"வானம் இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா? மழை பேஞ்சா தலைமேலதான வுழுது, தெரிஞ்சிக்க மாட்டனா?"

ஒரு மார்கழி சாயங்காலம், வெளியூர்க் கல்லூரிப் பிள்ளைகள் பழவேற்காட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் தொலைநோக்கிகள் வைத்துச் சனிக் கிரகத்தைக் காட்டுகிறார்கள் என்று கடைக்கு வந்தவர்கள் சொன்னார்கள். மூன்று பேரும் போனோம். "அவனே தேடிக்கினு வருவான், நாமளா போய்ப் பாக்கணுமா?" என்று வழியெல்லாம் நைனா கேட்டுக்கொண்டே வந்தார். ஆனால் வரிசையில் முதலில் போய் நின்றவர் அவர்தான்.

மைதானத்தில் இரண்டு தொலைநோக்கிகள் இருந்தன. ஒன்று நீளமான வெள்ளைக் குழாய், முன்னால் வில்லை வைத்தது. மற்றது டிரம் மாதிரி பருமனாக, அடியில் முகம் பார்க்கும் கண்ணாடிபோல் பெரிய ஆடி வைத்தது. அதில் பார்க்க ஏணிப்படி ஏறவேண்டும். நானும் பார்த்தேன். சின்ன மஞ்சள் உருண்டைக்குக் குறுக்கே ஊசி செருகிய மாதிரி ஒரு மெல்லிய வளையம். இதைப் படம் எடுக்க முடியுமா என்பதுதான் முதலில் தோன்றியது. தொழில் புத்தி.

நைனாவும் இரண்டிலும் பார்த்துவிட்டு வந்தார். "எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"சூப்பரா இருந்துச்சி. வளையம்லாம் சும்மா ஜம்முனு, தோசைத் தட்டு கணக்கா."

மறுநாள் கணவர் கடலிலிருந்து வந்து, சாப்பிட உட்கார்ந்தபோது மெதுவாகச் சொன்னார்: "மாமா ஒண்ணுமே பாக்கலம்மே. நான் பின்னாடிதான நின்னேன். அந்த நீட்டுக் கொழாய்ல கீழ குந்திக்கினு தலையத் தூக்கணும். அவரால ஆவல. கொழாய்க்குப் பக்கத்துல மூஞ்ச வெச்சிக்கினு கொஞ்ச நேரம் நின்னாரு. அப்பறம் அடுத்த ஆளுக்கு வழி வுட்டுட்டாரு."

"ஏணில?"

"ரெண்டாவது படி ஏறிட்டு எறங்கிட்டாரு. பின்னாடி நெறைய பசங்க."

நான் சோற்றுக் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். நைனா வாசலில் வலை முடிச்சைப் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கே ஒரு தொலைநோக்கி வாங்குவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது சுலபமாக இருந்தது. எதை வாங்குவது என்பதில்தான் எங்கள் வீடு இரண்டாகப் பிரிந்தது. கணவர் டிரம் பக்கம். "வலைக்கு வாய் பெருசா இருந்தாதான மீன் வுழும்? ஆடி பெருசா இருந்தா வெளிச்சம் நெறைய வுழும். அம்மாம்தான்," என்பார். அது சரியான பேச்சுதான். கொடுக்கிற காசுக்கு அதைவிடப் பெரிய ஆடி வேறெதிலும் கிடைக்காது. கிரகத்தின் நுணுக்கம் தெரிய ஆடி பெரிதாக இருக்கவேண்டும் என்றுதான் நான் பார்த்த வீடியோக்களிலும் சொன்னார்கள்.

ஆனால் என் வேலையே உப்புக் காற்றோடு சண்டை போடுவதுதான். எங்கள் ஊர் போன்களைத் திறந்தால் சார்ஜர் குத்துகிற இடமெல்லாம் பச்சை பூத்திருக்கும். வாங்கி ஒரு வருஷம் ஆகாத ஃபேனே எங்கள் வீட்டில் துருப்பிடித்துக் கத்தும். அந்த டிரம்முக்கு மேல் வாய் திறந்தே இருக்கிறது. அடியில் கிடக்கிற ஆடியின் மேல்பூச்சு இந்தக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, அதை அசைக்கும்போதெல்லாம் ஆடியைத் திருகித் திருகி நேர்செய்ய வேண்டும் என்றார்கள். கையால் தள்ளித் தள்ளித்தான் கிரகத்தைப் பின்தொடர வேண்டும். எனக்கோ தானாகவே கிரகத்தோடு திரும்பும் மோட்டார் வேண்டும், படம் எடுக்க.

"ஆக, நீ உனக்குத்தான் வாங்கற, மாமாவுக்கு இல்ல," என்றார் கணவர்.

கொஞ்சம் சுருக்கென்றது. அதில் பொய்யும் இல்லை. "படம் எடுத்து பெருசா லேப்டாப்ல காட்டிட்டா நைனா உக்காந்த எடத்துலயே பாத்துடுவாரு இல்ல?" என்றேன். வாசலிலிருந்து பதில் வந்தது. எங்கள் பேச்சை எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாரோ.

"மீன் போட்டோவ பாத்துக்கினு வெறுஞ்சோறு துன்ன சொல்றியா?"

அதோடு அந்தக் கட்சி முடிந்தது. கண்ணால்தான் பார்ப்பார்.

கிரகங்களைப் படமெடுப்பவர்கள் பேசிக்கொள்ளும் ஒரு வாட்ஸப் குழுவில் சேர்ந்து கேட்டேன். ஆளுக்கொன்று சொன்னார்கள். சென்னையில் ஒரு அக்கா மட்டும் எந்த மாடலையும் சொல்லாமல் என்னையே திருப்பிக் கேட்டார்: "யாரு பாக்கப் போறாங்க? அதச் சொல்லும்மா முதல்ல." நான் நைனாவின் கழுத்தைப் பற்றி எழுதினேன். அவரையும் கூட்டிக்கொண்டு தன் வீட்டுக்கே வரச்சொன்னார். நைனா மறுத்துவிட்டார். "நான்தான் பாத்துட்டனே அன்னிக்கு," என்றார். நானும் கணவரும் பொன்னேரி பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ரயிலில் போனோம்.

அக்காவின் மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே மூன்று தொலைநோக்கிகள் நின்றன. அவர் செய்த முதல் காரியம், உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, தன் துப்பட்டாவைக் கழுத்தில் இறுக்கிச் சுற்றிக்கொண்டது. "இப்ப நான்தான் உங்க அப்பா," என்று சொல்லி உட்கார்ந்தார். ஒவ்வொரு குழாயையும் நாங்கள் நடு உச்சிக்கும், அடிவானத்துக்கும், இரண்டுக்கும் நடுவிலும் திருப்பவேண்டும். அவர் தலையைத் தூக்காமல் எட்டுகிறதா என்று பார்ப்பார்.

வில்லைக் குழாய் உச்சிக்குப் போனதும் பார்க்கும் முனை தரைக்கு வந்துவிட்டது. அடிவானத்துக்கு வந்தால் நெஞ்சுக்கு ஏறிற்று. குழாய் நீளம், அதனால் முனைக்கு அவ்வளவு பயணம். அதுவும் மலிவான வில்லை என்பதால், பளிச்சென்ற எதைப் பார்த்தாலும் ஓரத்தில் ஊதா நிறம் கசிந்தது. கசியாத வில்லைகள் எங்கள் கைக்கு எட்டாதவை. டிரம்மில் உட்கார்ந்து பார்க்கலாம் என்றாலும், முனை மேல் பக்கத்தில் இருப்பதால் ஒவ்வொரு கோணத்துக்கும் நாற்காலியின் உயரத்தை மாற்றவேண்டியிருந்தது. அக்கா எழுந்து எழுந்து உட்கார்ந்து களைத்துப்போனார். கணவருக்கு அதன்மேல் இருந்த பிரியம் போகவில்லை. அதைத் தடவிக்கொண்டே நின்றார்.

மூன்றாவது, சமையலறை டப்பா அளவு குட்டைக் குழாய். முன்னால் தடித்த கண்ணாடி மூடியிருக்கும். உள்ளே அடியில் ஓர் ஆடி. வெளிச்சம் அதில் பட்டு, முன்கண்ணாடியின் நடுவிலிருக்கும் சின்ன ஆடிக்குப் போய், மறுபடி திரும்பி அடியிலிருக்கும் ஓட்டை வழியாக வெளியே வரும். இப்படி மடித்து மடித்து அனுப்புவதால், குட்டையாக இருந்தே நீளக் குழாயின் வேலையைச் செய்கிறது. அதற்கு ஒரு ரஷ்யப் பெயர் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது வந்த நாள் முதல் 'குட்டை'தான். பின்முனையில் வெளிச்சத்தை மடக்கும் ஒரு மூலைக்கண்ணாடி உண்டு. குழாய் நேரே உச்சியைப் பார்த்து நின்றால், நாம் சுவரைப் பார்ப்பதுபோல நேராகப் பார்த்தால் போதும். அடிவானத்தைப் பார்த்தால், குனிந்து பார்க்கவேண்டும். எந்தக் கோணத்திலும் மேலே பார்க்க வேண்டியதே இல்லை. குழாய் குட்டை என்பதால் முனையும் அதிகம் இடம் மாறவில்லை. அக்கா நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"உங்க ஊருக்கும் இதுதான். வாய் மூடியிருக்கு, உப்பு உள்ள போகாது. ஆனா பெரிசு இல்ல, அஞ்சு இன்ச்தான். பாக்குற இடமும் ரொம்பக் குறுகல், கிரகத்தைத் தவிர வேற எதுக்கும் லாயக்கில்ல. வெளியில வெச்சு ஆற விடணும். முன்கண்ணாடில பனி படியும். எல்லாத்தையும் யோசிச்சுக்கோ," என்றார். பிறகு, "மோட்டார் மட்டும் கண்டிப்பா வேணும். அப்பா கண்ணை வெச்சு சரிபண்றதுக்குள்ள கிரகம் ஓடிப்போயிடும்," என்றார்.

நான் எனக்காகக் கேட்ட மோட்டார் நைனாவுக்கும் தேவையாக இருந்தது. திரும்பி வரும்போது ரயிலில் கணவரைப் பார்த்துச் சிரித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தை பிறந்த பின் குட்டை வீட்டுக்கு வந்தது. பகலில் பழகட்டும் என்று முதலில் கடல் பக்கம் திருப்பி, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கு வெளியே காத்திருக்கும் கப்பல்களை வைத்துக் கொடுத்தேன். நைனா இடுப்பை வளைத்துக் குனிந்து, கண்ணை எங்கே வைப்பது என்று கொஞ்சம் தடுமாறினார். பிறகு பிடித்துக்கொண்டார். பிடித்ததும் சண்டைக்கு வந்தார்.

"இன்னாமா இது, கப்பல் தெக்கால போவுது, இதுல வடக்கால போவுது?"

மூலைக்கண்ணாடி இடப்பக்கத்தை வலப்பக்கமாகக் காட்டும் என்று விளக்கினேன். கப்பலின் பெயர்கூடத் தலைகீழாக இல்லாமல், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பித் தெரியும் என்றேன். "இம்மாம் தூரம் போயி வாங்கினு வந்தீங்க, தெச தெரியாததா பாத்து வாங்கினு வந்துகீறீங்க," என்று சொல்லிவிட்டு, அன்று முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. கரைக்கு வரும் போட்டுகளில் யாருடையது என்று எங்களுக்கு முன்னால் சொல்வதில் அவருக்குக் குஷி.

முதல் சாயங்காலம் வியாழனை வைத்தேன். காரியம் கெட்டுப்போயிற்று. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே பகலெல்லாம் வெந்திருந்த குழாயை அப்படியே வெளியே எடுத்துவந்திருந்தேன். கொதிக்கிற கஞ்சிக்கு அடியில் கிடக்கும் காசு மாதிரி வியாழன் நெளிந்தது. அது அடங்குவதற்குள் முன்கண்ணாடியில் பனி படிந்து எல்லாம் பால் கலந்ததுபோல ஆனது. நைனா கண்ணை வைத்துப் பார்த்தார். "கீது, கீது," என்றார். பள்ளிக்கூட மைதானத்தில் பேசிய அதே குரல்.

மறுநாள் கணவர் கிழிந்துபோன லைஃப் ஜாக்கெட் ஒன்றை அறுத்து, உள்ளிருந்த நுரைத்தகட்டை எடுத்தார். குழாயின் வாயில் தொப்பி மாதிரி சுற்றிக் கட்டினார். பனி அதைத் தாண்டி உள்ளே வருவது நின்றது. குழாயைப் பகல் சாயும்போதே நிழலில் வைத்து ஆறவிட்டோம். மீன்வாடையைத் தேடி வரும் பூனைகள் அதன்மேல் ஏறாமல் இருக்க, நைனா நாற்காலியைப் போட்டுக் காவல் உட்கார்ந்தார். யாரும் காவல் இருக்கச் சொல்லவில்லை.

அன்று வாடைக் காற்று அடங்கியிருந்தது. இருட்டியதும் வியாழன் ஏறத்தாழ தலைக்கு நேரே நின்றது. கழுத்து நன்றாக இருப்பவர்களுக்கே வலிக்கிற உயரம். நான் குழாயை உச்சிக்குத் திருப்பி, வியாழனைப் பிடித்து, மோட்டாரை விட்டேன். நைனாவின் நாற்காலியை நகர்த்திப் போட்டேன். அவர் எதிரே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்து, நேராகக் கண்ணை வைத்தார்.

மோட்டார் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பிறகு அவர் கை நாற்காலியின் கைப்பிடியைத் தட்ட ஆரம்பித்தது.

"பக்கத்துல லைட்டு கீது. ஒரு பக்கம் மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு. வரிசையா."

"அதெல்லாம் அதோட நிலா, நைனா."

"ஒண்ணுக்கு நாலா?" என்றார். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, "வவுத்துல ரெண்டு கோடு. பழுப்பா," என்றார். நான் கோடுகளைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. கணவர் என் தோளை அழுத்திப் பிடித்தார்.

"போட்ல இருந்து பாக்கச்சொல்ல இது ஆடிக்கினே இருக்கும் மாப்ள. அலை நம்மளத் தூக்கிப் போடும், இதுவும் தூக்கிப் போட்டா மாதிரி இருக்கும். இப்பதான் நிக்குது பாரு. அசையவே மாட்டேங்குது." கண்ணை எடுக்காமலே சொன்னார். அப்புறம் என்னிடம், "அன்னிக்கு ஸ்கூல்ல பாத்தத வுட இது நல்லா கீதும்மா," என்றார்.

நானும் கணவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. "ஆமா நைனா, அது டப்பா டெலஸ்கோப்," என்றேன்.

அதன்பிறகு என் பாடுதான் திண்டாட்டமானது. கேமராவைப் பொருத்தவேண்டுமென்றால் அவர் கண் வைக்கும் முனையைக் கழற்றவேண்டும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் குட்டை. "இரு, இதோ," என்பார். அந்த 'இதோ'வில் வியாழன் மேற்கே சாய்ந்துவிடும். எப்படியோ சில சாயங்காலங்களில் கெஞ்சி வாங்கி வீடியோ எடுத்தேன். அதில் நடுக்கம் இல்லாத ஃபிரேம்களை மட்டும் கம்ப்யூட்டர் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுக்கும். கடையில் உட்கார்ந்து அதைக் கூர்மையாக்கியபோது, பழுப்புக் கோடுகளின் விளிம்பில் முடிச்சு முடிச்சாக இருந்தது தெரிந்தது. கண்ணால் ஒருநாளும் தெரியாதது. பெரிதாகப் பிரிண்ட் போட்டு நைனாவிடம் கொடுத்தேன். அதை மடித்து மேல்துண்டில் முடிந்துகொண்டு குப்பம் முழுக்கக் காட்டினார். "நான் பாத்தது இது," என்று. நான் எடுத்தது என்று யாரிடமும் சொன்னதாகத் தகவல் இல்லை.

மாசி மாதம் சாயங்காலங்களில் மேற்கே ஏரிப் பக்கம் வெள்ளி பளீரென்று நின்றது. அதைக் குழாயில் வைத்தால் பிறைநிலா மாதிரி தெரியும். நைனா நம்பவில்லை. நிலாவைத் திருப்பி வைத்து ஏமாற்றுகிறேன் என்றார். "நிலா இன்னிக்கு இல்லவே இல்ல மாமா, அமாவாச," என்று கணவர் சொன்ன பிறகுதான் அடங்கினார். உடனே பழவேற்காட்டில் ஐஸ் கடை வைத்திருக்கும் பாய்க்குப் போன் போட்டு, வந்து பார்க்கச் சொன்னார். நைனா கடலுக்குப் போன காலமெல்லாம் அவரிடம்தான் ஐஸ் வாங்கியது. அப்படி ஆரம்பித்த சிநேகம் அது.

பாய் அடுத்த நாள் வரவில்லை. அதற்கும் அடுத்த நாள் வந்தார். அன்றைக்கு ரமலான் பிறை தெரிகிறதா என்று பார்க்கிற நாள். ஏரிக்கரைக்கு வந்தால் மறைப்பில்லாமல் தெரியும், அப்படியே இதையும் பார்த்துவிடலாம் என்று வந்ததாகச் சொன்னார். சூரியன் இறங்கியதும் எல்லோரும் மேற்கே பார்த்து நின்றோம். தாழ்வாக நிற்பதை நைனாவாலும் பார்க்க முடியும். அவர்தான் முதலில் கை நீட்டினார். "அதோ பாய், தோணி மாதிரி!" மெல்லிசாக, நகக்கீறல்போலப் பிறை. அதற்கு மேலே கொஞ்சம் தள்ளி வெள்ளி.

நான் குழாயைப் பிறைக்குத் திருப்பப் போனேன். பாய் தடுத்தார். "வாணாம்மா. கண்ணால பாத்தாச்சு, அது போதும். நீ அந்த வெள்ளியக் காட்டு."

கண்ணை வைத்தவர் வாய்விட்டுச் சிரித்தார். "அட, இங்க ஒண்ணு!"

"ரெண்டு பெறை தெரிஞ்சா ரெண்டு மாசம் நோம்பா பாய்?" என்றார் நைனா.

"ஒரு மாசத்துக்கே என் சுகர் தாங்குமானு டாக்டர் யோசிக்கிறாரு. நீ வேற."

இரண்டு பேரும் மாறி மாறிப் பார்த்தார்கள். பாய் ஒவ்வொரு முறையும் வானத்தில் வெறும் புள்ளியாக நிற்கும் வெள்ளியை ஒருதரம் பார்ப்பார், பிறகு குழாயில் ஒருதரம். நைனா குழாயில் மட்டும். தொழுகைக்கு நேரமாகிறது என்று பாய் கிளம்பினார். கணவர் அவரைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

நான் கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றேன். "நைனா, கீழ எறங்கிடும். ஒரு நிமிஷம் குடு."

"இரும்மா, இன்னும் நான் பாத்து முடிக்கல."

நின்றேன். ஏரிக்கு அந்தப்பக்கம் வெள்ளி சிவந்து, மங்கி, மரங்களுக்குள் போகும்வரை அவர் பார்த்து முடிக்கவில்லை. அந்தச் சாயங்காலத்துக்கு என்னிடம் படம் எதுவும் இல்லை.